செவிலிமேட்டில் மட்டும் சாகும் போன்

ஸௌம்யா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது போன் மறுபடி செத்துக்கொண்டிருந்தது. திரை வெளிறும், அணையும், தானே உயிர் பெறும், மறுபடி அணையும்.

அது இன்னும் கடைக்கு வராத போன். 2007-ல் சென்னைக் கம்பெனி ஒன்று அதற்கான அடிப்படை மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தது. அலாரம், கடிகாரம், பேட்டரி என்று கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஓடும் சமாசாரங்கள். அவற்றில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் ஸௌம்யாவின் உத்தியோகம். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் போன் காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டில், அவர்கள் வீட்டில் மட்டும்தான் செத்தது. ஆபீஸுக்குப் போனால் பரம சாது. புரோகிராம் எழுதியவர்கள் சிரித்தார்கள்.

டீம் லீடர் பூவராகவன் மட்டும் சிரிக்கவில்லை. "எதைச் செஞ்சா சாகுதுன்னு வரிசையா எழுதிக் குடும்மா. திங்கக்கிழமைக்குள்ள தரலைன்னா, இல்லாத குறைன்னு மூடிடுவாங்க" என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை மூடியாயிற்று. மூன்றாவதும் மூடினால் அவள் வேலை நிரந்தரமாவது சந்தேகம்தான்.

சிக்னல் மோசமோ என்று போனை மொட்டைமாடியில் வைத்தாள். அங்கேயும் செத்தது. அவள் அப்பா பாச்சா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கூடத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி, போனை ஏன் அவ்வளவு உயரத்தில் வைக்கிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மின்சாரத்தைச் சந்தேகப்பட்டுச் சார்ஜரைப் பிடுங்கினாள். செத்தது. இந்த ஒரு போன்தான் கோளாறோ என்று இன்னும் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தாள். மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மூன்றும் செத்திருந்தன. வீட்டை இடித்துவிடும்படி ஆபீஸிலிருந்து யோசனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூவராகவன் நேரிலேயே வந்துவிட்டார். ஒரு குறையைப் பார்ப்பதற்காக விடுமுறை நாளில் பஸ் ஏறி வரும் மனுஷரை மெச்சத்தான் வேண்டும். மூன்று போன்களையும் கூடத்து மேசையில் பரப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அம்மா வத்ஸலா இரண்டு தடவை காபி கொடுத்தாள். பாச்சா விருந்தாளிக்கு மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போன்கள் சாகிற வழியாயில்லை.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்த பூவராகவன், ஐந்து மணி பஸ் போயிருக்குமே என்று பதறி எழுந்தார்.

"அதுல பத்து நிமிஷம் கழிச்சுக்கோங்கோ ஸார். எங்காத்துல எல்லாக் கடியாரமும் அப்படித்தான். இதுவரைக்கும் ஒரு பஸ்ஸை விட்டதில்லை" என்றாள் ஸௌம்யா.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினார். "நாளைக்கு நானே மூடிடறேம்மா. தப்பா நெனைக்காதே."

தான் பார்த்தது பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை எழுதிக் கொடுக்கத்தான் வழியில்லை. கடைசி முயற்சியாக, வாசலில் இருக்கும் மெயின் பெட்டியையாவது பார்த்துவிட்டுப் போகும்படி கெஞ்சினாள். அவரும் பொறுமையாக வந்து ஒவ்வொரு ப்யூஸாகப் பார்த்தார். ஒன்றுமில்லை.

பையை எடுக்க உள்ளே திரும்பினார்கள். மேசையில் மூன்று போன்களும் வெளிறி, அணைந்து, வெளிறிக்கொண்டிருந்தன.

பூவராகவன் செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "இதை யாராவது தொட்டீங்களா?"

கூடத்தில் பாச்சா மட்டும்தான் இருந்தார்.

"நான்தான் ஸார். இன்னிக்குக் காலம்பற விட்டுப்போச்சேன்னு இப்பத் தொட்டேன். கொழந்தை பஸ்ஸை விட்டுடப் போறாளேன்னு தெனம் காலம்பற இதுலயும் மணியைப் பத்து நிமிஷம் தள்ளி வெப்பேன், அது பழைய நேரத்துக்கே ஓடி வந்துடும். விடாம மூணாவது தடவை தள்ளினாத்தான் எதுத்துப் பேசாம அடங்கறது."