இருபத்து நான்கு அங்குல வரவேற்பு

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளப்பதற்காக அதன் நூலகங்களையும் மருத்துவமனைகளையும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பாவம், விவரம் தெரியாதவர்கள். வீட்டு வாசலுக்கு இரண்டு பக்கமும் என்ன நிற்கிறது என்று பார்த்தாலே போதும். ஒன்றும் நிற்காவிட்டால் அது குகை. ஏதோ ஒரு செடி நின்றால் வீடு. ஒரே உயரத்தில், ஒரே பருமனில், கத்தரியால் வெட்டி உருவம் கொடுத்த இரண்டு செடிகள் நின்றால்தான் அது ‘இல்லம்’. இந்த உண்மை தெரியாமல் நாற்பத்தேழு வயது வரை நானும் குகையிலேயே தின்று தூங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கம்தான் கண்ணைத் திறந்துவிட்டது. ‘வரவேற்கும் வாசல்’ என்று ஒரு போட்டி அறிவித்தார்கள். வருகிறவர்களை எந்த வீட்டு முகப்பு மிக அன்போடு வரவேற்கிறதோ அந்த வீட்டுக்குக் கேடயம். அறிவிப்பைப் படித்த என் மனைவி வாசலுக்குப் போய் நின்று எங்கள் வீட்டையே ஒரு விருந்தாளி பார்ப்பதுபோலப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

“என்னங்க, நம்ம வாசல் யாரையுமே கண்டுக்க மாட்டேங்குது.”

நான் ஓர் அலுவலகத்தில் கோப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர். குறிப்பேடு இல்லாமல் எனக்குத் தும்மல்கூட வராது. அன்றைக்கே ‘முகப்புப் பசுமைத் தேர்வுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர், என் மனைவி. செயலாளர், நான். வல்லுநர், அவளுடைய தம்பி. இணையத்தில் மூன்று நாள் படித்து ‘நுழைவாயில் உளவியல்’ என்ற துறையில் சான்றிதழ் வாங்கியவன். அந்த மூன்று நாளில் ஒரு நாள் மின்சாரம் இல்லை என்பதை அவனுடைய அடக்கம் வெளியே சொல்ல விடவில்லை. நான்காவதாக என் அப்பா. அவர் ‘சிறப்பு அழைப்பாளர்’. அதாவது பேசலாம், வாக்குரிமை கிடையாது.

அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். ஆனாலும் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு, வாசல் படி இரண்டின்மேல் போட்டிருந்த சாய்பலகை வழியாக இறங்கி, கேட்டுக்குப் போய்விடுவார். எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சதுரங்கப் பலகையோடு வருவார். ஆடியது பாதி, சண்டை பாதி. “யானைய வச்ச இடத்துல வைய்யா!” என்ற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு வெளியுலகம். பின்வாசலில் நான்கு படி, துவைக்கிற கல், குறுகலான சந்து. அந்த வழி ஆகாது.

முதல் கூட்டம் சாப்பாட்டு மேஜையில் நடந்தது.

“உருண்டை, கூம்பு, திருகு, மிருகம். இந்த நாலுதான் அத்தான் இப்ப உலகம் முழுக்க ஓடுது,” என்று வல்லுநர் தொடங்கினான்.

“திருகு வேண்டாம். பாக்கறவங்களுக்குத் தலை சுத்தும்,” என்றாள் தலைவர்.

“கரெக்ட் அக்கா. கூம்பு முன்னேற்றத்தக் காட்டும். ஆனா நுனியில போய் சட்டுனு முடிஞ்சிடுது பாருங்க, அது மனசுக்கு ஆகாது. அதனால மூணு உருண்டை, ஒண்ணுமேல ஒண்ணு. கீழ குடும்பம், நடுவுல உழைப்பு, மேல லட்சியம்.”

“லட்சியம்தான் இருக்கறதுலயே சின்ன உருண்டையா?” என்று கேட்டார் அப்பா.

‘சிறப்பு அழைப்பாளரின் ஐயம் பதிவு செய்யப்பட்டது. பதில் தேவையில்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு அளவுகள் எடுக்கப்பட்டன. தொட்டியின் உயரம், உருண்டைகளுக்கு நடுவே தெரியவேண்டிய தண்டின் நீளம், கேட்டில் நிற்பவரின் கண்ணிலிருந்து மேல் உருண்டைக்கு உள்ள தூரம் எல்லாம் எடுத்தோம். வல்லுநர் தரையில் படுத்துக்கூட ஓர் அளவு எடுத்தான். நாயின் பார்வைக் கோணமாம். அப்பா ஜன்னல் வழியாக வாசல் தூண்கள் இரண்டையும் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

“டேய் தம்பி, ரெண்டு பக்கமும் அது நின்னா நடுவுல என் வண்டி போகாதுடா.”

“அளக்காமலே எப்படிப்பா சொல்றீங்க?” என்றேன் நான்.

“கல்யாண ஊர்வலத்துக்கும் தண்ணி லாரிக்கும் நடுவுல பஸ்ஸ விட்டவன்டா நான். போகாதுன்னா போகாது.”

“மாமா, ஆரம்பத்துலயே நெகட்டிவா பேசாதீங்க,” என்றாள் தலைவர் அன்போடு.

“அப்ப அந்த மிருகத்துல யானையே வாங்குங்கம்மா. அதுமேல ஏறியாவது கேட்டுக்குப் போயிக்கிறேன்.”

எல்லோரும் சிரித்தோம். அப்பாவுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்பதில் எங்களுக்கு எப்போதுமே பெருமை உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு நர்சரிக்குக் கள ஆய்வுக்குச் சென்றது. நர்சரிக்காரர் கையெல்லாம் மண்ணாக, வாயைத் திறக்கவே யோசிக்கிற மனிதர். வல்லுநர் அவரிடம் நுழைவாயில் உளவியலைப் பற்றிக் கால்மணி நேரம் விளக்கினான். அவர் அதற்குள் ஆறு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தார். கடைசியில் மூன்று உருண்டையில் வெட்டிய இரட்டை துஜாச் செடிகளைக் காட்டினார். இரண்டும் ஓர் இலை வித்தியாசம் இல்லாமல் நின்றன. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிக் கலங்கியதில்லை.

“இத வீட்டுக்குள்ள வைக்கலாமா?” என்று நான் சும்மா கேட்டு வைத்தேன்.

“அய்யய்யோ, கூடவே கூடாதுங்க. இதுக்கு வெயிலும் காத்தும் வேணும். உள்ள வச்சா மூணு நாள் தாங்கும். அப்புறம் வெளுக்க ஆரம்பிச்சிடும். வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் திருப்பி விடுங்க. எல்லாப் பக்கமும் வெளிச்சம் படணும் பாருங்க. உயிரு இல்லையா?”

‘உயிர்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

செடிகள் வந்து இறங்கிய நாள் எங்கள் குடும்ப வரலாற்றில் மறக்க முடியாதது. தொட்டிகளைத் தூண்களோடு ஒட்டி, இனி நகர இடமில்லாமல் நிறுத்தினோம். ஐந்தரை மணிக்கு அப்பா வழக்கம்போல நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். கீழ் உருண்டைகள் இரண்டும் கைப்பிடிகளில் மோதின. வண்டி நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன்.

கேட்டில் காத்திருந்த தையல்காரர் உள்ளே வந்தார். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் செடிகளுக்கு நடுவே பிடித்தார். பிறகு நாற்காலியில் பிடித்தார்.

“வழி இருபத்தி நாலு. வண்டி இருபத்தாறு. ரெண்டு இஞ்சு உதைக்குது சார். ஒண்ணும் பெரிய வேல இல்ல, இந்தப் பக்கம் ஒரு இஞ்சு, அந்தப் பக்கம் ஒரு இஞ்சு பிடிச்சு விட்டா சரியாப் போயிடும்.”

“பிடிச்சு விடறதுக்கு இது என்ன ஜாக்கெட்டா?” என்று வல்லுநர் துடித்துவிட்டான். “உருண்டைல ஒரு பக்கம் வெட்டினா அது உருண்டையே இல்லங்க!”

“அப்ப ஒரு செடிய மட்டும் கீழ இறக்கி வைங்க.”

“சமநிலை என்னாகறது?”

“வீட்ல ஒரு மனுஷன் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. சமநிலையாம்!”

தையல்காரர்களுக்கு அழகியலில் பயிற்சி போதாது. இருந்தாலும் குழு பெருந்தன்மையோடு அவருடைய யோசனையை உடனே பரிசீலித்து உடனே நிராகரித்தது. போட்டி முடியும்வரை, அதாவது வெறும் இரண்டு மாதத்துக்கு, சிறப்பு அழைப்பாளர் ஜன்னலோரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

“ரெண்டு மாசம்தானேப்பா,” என்றேன்.

அப்பா நாற்காலியைத் திருப்பினார். அவ்வளவு சிறிய இடத்தில் எங்கும் இடிக்காமல் திருப்பினார். அந்தக் கைத்திறனை நான் மனதாரப் பாராட்டினேன்.

இதற்குப் பிறகு படியில் கிடந்த சாய்பலகை சும்மா கண்ணை உறுத்தியது. யாரும் போகாத பலகை எதற்கு? என் மனைவி மறுபயன்பாட்டில் நம்பிக்கை உள்ளவள். தச்சரைக் கூப்பிட்டு அதை அறுத்து, செடித் தொட்டிகளுக்கு இரண்டு பீடம் செய்துவிட்டாள். ஒரு துண்டு வீணாகவில்லை. அப்பா இறங்கி இறங்கி வழவழப்பான மரம் என்பதால் மெருகுகூட அதிகம் தேவைப்படவில்லை என்றார் தச்சர்.

ஜன்னல் ஏற்பாடு முதலில் நன்றாகவே நடந்தது. தையல்காரர் வெளியே நின்று பலகையை ஜன்னல் விளிம்பில் வைப்பார். அப்பா கம்பி வழியாகக் கையை விட்டுக் காயை நகர்த்துவார். ஒரு நாள் அப்பா உற்சாகத்தில் வெட்டிய குதிரை துள்ளிப்போய் இடது பக்கச் செடியின் நடு உருண்டையில், அதாவது ‘உழைப்பில்’, சிக்கிக்கொண்டது. தையல்காரர் அதை எடுக்கையில் மூன்று கிளை ஒடிந்தது. தலைவர் அவரிடம் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னாள், “போட்டி முடியட்டும் அண்ணே, அப்புறம் தாராளமா வாங்க.” அவரும் மரியாதை தெரிந்தவர். மறுநாளிலிருந்து வரவில்லை. ஐந்தரை மணிக்கு வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவத் தொடங்கியது. நான் நிம்மதியாகப் பராமரிப்பு அட்டவணை தயாரித்தேன். திங்கள், இலை துடைத்தல். புதன், உரம். வெள்ளி, வெயில் படும்படி திருப்புதல். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை.

கேடயம் எங்களுக்கே கிடைத்தது. நடுவராக வந்த அம்மையார் இரண்டு செடிகளுக்கும் நடுவே நின்று கைகளை விரித்து, “வா வான்னு கூப்பிடுதே!” என்று பூரித்துப்போனார். ஜன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்து, “யாரு, பெரியவரா? வெளிய வரச் சொல்லுங்க, எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்,” என்றார்.

“அவருக்கு உள்ள இருக்கறதுதான் பிடிக்கும்,” என்று சொன்னது யார் என்று குறிப்பேட்டில் எழுதவில்லை. சொன்னது நான்தான்.

பரிசு பெற்ற அமைப்பை இரண்டே மாதத்தில் கலைக்க எந்தக் குழுவுக்கு மனது வரும்? தீர்மானம் நீட்டிக்கப்பட்டது. மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் சம்மதம் என்றுதான் அலுவலகத்திலும் எடுத்துக்கொள்வோம்.

ஏழாவது மாதம் நர்சரிக்காரர் கத்தரியோடு வந்தார். செடிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பிரமாதமா வச்சிருக்கீங்க சார். பிள்ளைய வளத்த மாதிரி,” என்றார். அதையும் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டேன். வெட்டுவதற்கு வசதியாக அவரும் என் மச்சானும் தொட்டிகளைப் பீடத்தோடு தூக்கி முற்றத்தில் வெயிலில் இறக்கினார்கள். வாசல் திறந்து கிடந்தது.

உள்ளேயிருந்து சக்கரச் சத்தம் கேட்டது. மணி சரியாக ஐந்தரை. அப்பா கதவைத் தாண்டி, தூண்களைத் தாண்டி, படியின் விளிம்பு வரை வந்துவிட்டார். பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். கீழே இரண்டு படி. பலகை இல்லை. முற்றத்தில் செடிகளுக்கு அடியில் தன் பலகையை அவர் அடையாளம் கண்டுகொண்டார். எதிர்வீட்டில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

நர்சரிக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். வெளிச்சத்தில் அது வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது.

“சார், இவரு எத்தன நாளா உள்ளயே இருக்காரு?”

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அதற்குள் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “விடுப்பா. அதுங்க முதல்ல வெயில் காஞ்சுட்டு வரட்டும்.”

செடிகள் மெருகேறித் திரும்பவும் தூணோரம் வந்து நின்றன. அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பை நான் இப்படி முடித்தேன்: ‘துஜா, வீட்டுக்குள் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அப்பா, இருநூற்றுப் பதின்மூன்று நாள் தாங்கியிருக்கிறார். மிக உறுதியான இனம். பராமரிப்பு எதுவும் தேவைப்படவில்லை.’

கீழே, செயலாளர் என்று போட்டிருந்த இடத்தில், கையெழுத்தும் போட்டேன்.