ஏழு பன்னிரண்டு வண்டி, எங்கும் நிற்காது

போன வாரம் திருச்சி பேருந்து நிலையத்தில் யாரோ நீளமாக ஒரு விசில் ஊதினார். ஊதியது பேருந்துக்கு. நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவரும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை என்றதும் என்னை முறைத்தார். அவரிடம் எதைச் சொல்லி விளக்குவது? விண்வெளி நிலையத்துக்கு விசில் ஊதி வழிவிட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் உச்சிப்புளியில் இருக்கிறார்.

ஊருக்கு அவர் டைம்கீப்பர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட உறையில் ‘உயர்திரு டைம்கீப்பர்’ என்றுதான் எழுதினார்கள். ஆயுளில் பாதியைப் பேருந்து நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் குறித்து, விசில் ஊதியே கழித்தவர். பணி ஓய்வு நாளில் மாலை போட்டு அனுப்பினார்கள். நேரத்தை மட்டும் அவரிடமிருந்து திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தபோதுதான், தலைக்கு மேலே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி குறித்த நிமிடத்துக்குக் குறித்த திசையில் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியவந்தது. அதற்கு விசில் ஊத ஆளில்லை என்பதும்.

ஆறு மாதம் ஓரிடத்தில் இருந்தால் கால் அரிக்கிற ஆள் நான். ஒரு கார்த்திகை மாதம் அவர் வீட்டு மாடி அறைக்குக் குடிபோனேன். பெட்டியைப் பிரிப்பதற்குள் தெருவில் பாதி மாடியேறி வந்துவிட்டது. மேற்கே கடைசிச் சிவப்பும் கரைந்து, வானம் கழுவிக் கவிழ்த்த சட்டிபோல் இருந்தது. கைலியும் கழுத்தில் விசிலுமாக ஒருவர் நடுவில் வந்து நின்றார்.

“ஏழு பன்னெண்டு வண்டி. தென்மேற்குல கெளம்பி, தண்ணித் தொட்டிக்கு மேல வந்து, வடகிழக்க எறங்கும். எங்கனயும் நிக்காது.”

வந்தது. ஓசையில்லாமல், சிமிட்டாமல், யாரோ ஊசியில் கோத்து இழுத்த வெளிச்சம்போல வந்தது. அவர் ஒரு விசில் ஊதினார். தொட்டியைத் தாண்டியதும் இரண்டாவது விசில். பாதி வானத்தில் அது சட்டென்று அணைந்தபோது நான் “ஐயோ” என்று கத்திவிட்டேன். “பயப்படாதீக தம்பி. பூமி நெழலுக்குள்ள போயிருச்சு. உள்ளுக்கு லைட்டெல்லாம் எரியும்” என்றார்.

அந்தப் பக்கம் கடற்படை விமானங்கள் பறக்கிற பகுதி. ஒருநாள் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு விமானம் ஒன்று வர, பக்கத்து வீட்டுக் கருப்பையா கைதட்டிவிட்டார். மிளகாய் விவசாயி, எதையும் சந்தேகத்தோடு பார்க்கிறவர், அன்றைக்குப் பார்த்து நம்பித் தொலைத்தார். டைம்கீப்பருக்கு முகம் சுண்டிவிட்டது.

“ஏலே கருப்பையா, கண்ணடிச்சுக்கிட்டுப் போறதெல்லாம் டவுன் பஸ்சு. நம்ம வண்டி கண்ணடிக்காது.”

வானம் மூடியிருந்த நாட்களிலும் அவர் விடுப்பு எடுக்கவில்லை. மேகத்தைப் பார்த்து அறிவிப்பார், மேகத்துக்கு விசில் ஊதுவார், “போயிருச்சு” என்பார். நாங்களும் போயிருக்கும் என்று நம்பிக் கீழே இறங்குவோம்.

வண்டி வரும் நேரமும் திசையும் பட்டியலாக வருவது செல்பேசியில். அதை என்னிடம் நீட்டி, “கண்ணாடி கீழ இருக்கு தம்பி, கொஞ்சம் வாசிங்க” என்பார். கண்ணாடி எப்போதும் கீழேதான் இருந்தது. கீழே இருக்கும்போது கேட்டால் அது மேலே இருந்தது. நான் வாசித்ததை ஒருமுறை கேட்டால் போதும், மறக்க மாட்டார்.

மாசி பிறந்ததும் கருப்பையா பறித்த மிளகாயை அந்த மாடியிலேயே காயப்போட்டார். அதற்கப்புறம் விண்வெளியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே பார்த்தோம். டைம்கீப்பர் நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் துடைத்தார். எல்லோரும் துடைத்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

பங்குனியில் நான் ஒரு தப்புச் செய்தேன். அந்த வாரப் பட்டியலில் விடிகாலை ஒரு வரி, மாலை ஒரு வரி என்று இருந்தது. மாலை நேரத்தையும் விடிகாலைத் திசையையும் சேர்த்து வாசித்துவிட்டேன். அவர் நான் சொன்னபடியே தென்மேற்கைப் பார்த்து நின்றார்.

“அந்தா ஏறுது பாருங்க. நல்ல வெளிச்சம்.”

அங்கே ஒன்றுமே இல்லை. வடமேற்கில், அவருடைய வலது தோள் பக்கமாக, அன்றைக்கென்று அப்படி ஒரு பிரகாசத்தோடு அது ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவர் மட்டும் வெறும் வானத்தில் விரலை மெதுவாக நகர்த்தி, “இப்பத் தொட்டிக்கு மேல” என்றார், விசில் ஊதினார். டைம்கீப்பரின் மனைவி பாக்கியம் அக்கா பக்கத்தில் போய், அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“இங்கன பாருங்க.”

அவர் ஒரு கணம்தான் தடுமாறினார். “ஆமா. இன்னைக்கு ரெண்டு வண்டி விட்டிருக்காக. அது ஸ்பெசல்.”

ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள்.

மன்னிப்புக் கேட்க நான் கீழே போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. அக்கா அவர் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். “வெரலு கெடக்கட்டும், கையெல்லாம் மஞ்ச வாட. போயிக் கழுவிட்டு வா” என்றார் அவர். அக்கா அழுதார். அழுது முடித்துவிட்டுத் திட்டினார். ரெண்டு கண்ணிலும் புரை. தீபாவளிக்கு முன்பிருந்தே எல்லாம் பால் ஊற்றியதுபோல் தெரிவதாக டைம்கீப்பர் ஒப்புக்கொண்டார். ரோட்டில் போகிற பேருந்துகளின் ஹாரனை வைத்து மணியையும், மனசுக்குள் எண்ணி நொடியையும் பிடித்து, ஐந்து மாதமாக அந்தத் தெருவுக்கே வானத்தைக் காட்டியிருக்கிறார்.

கண் ஆபரேஷன் என்றதும் காரணங்கள் கிளம்பின. இந்த வாரம் நல்ல வண்டிகள் இருக்கின்றன. அடுத்த வாரம் அதைவிட நல்ல வண்டிகள். பிறகு வெயில் காலம், அப்புறம் காற்றுக் காலம். ஒருநாள் மாடியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, கைப்பிடிச் சுவரைத் தடவியபடி சொன்னார்:

“இப்பத் தெரியலன்னா புரையின்னு சொல்லிக்கலாம் தம்பி. அறுத்தும் தெரியலன்னா, எதச் சொல்லிக்கிட்டு நிப்பேன்?”

இதற்கு ஒரு வழி பாக்கியம் அக்காவிடம் இருந்தது. வீடு வீடாகப் போய், கண்ணைக் காட்டச் சம்மதிக்கிறவரை மாடிக்கு ஒரு குஞ்சும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவரை எதை வைத்து வழிக்குக் கொண்டுவரலாம் என்பது அவருக்குத் தெரியாதா? வேலைநிறுத்தம். நானும் அறையைப் பூட்டிவிட்டுப் படிக்கட்டின் அடியில் நின்றேன்.

அன்று மாலை அவர் தனியாக ஏறினார். அறிவித்தார். விசில் ஊதினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதினார். தெருவில் நாய்கூட ஏனென்று கேட்கவில்லை. பிறகு சுவரைத் தடவித் தடவி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

“ஆளில்லாத வண்டிக்கு விசில் ஊதப்படாது, பாக்கியம். கண்ணு கேம்ப்பு வேனு எத்தன மணிக்கு?”

“ஆறு மணிக்கு.”

“ஆறுன்னா ஆறா, இல்ல ஆறரையா?”

வேன் ஆறு இருபதுக்கு வந்தது. அந்த ஓட்டுநர் மதுரை வரைக்கும் அவரிடம் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். முதலில் இடது கண். வலது கண்ணுக்கு இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் குடிவந்தபோதே அவருக்குப் பார்வை போயிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை அவர் பார்த்ததே இல்லை.

“நீங்கதானா அது? கொரல வச்சு இன்னுங் கொஞ்சம் ஒல்லியா நெனச்சிருந்தேன்” என்றார்.

அடுத்து வந்த மாலை வண்டிக்கு மாடியில் நிற்க இடமில்லை. அவருக்காகக் கருப்பையா மிளகாயை வாரித் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். குறித்த நிமிடத்தில் அது ஏறியது. டைம்கீப்பர் அறிவிக்கவில்லை. விசில் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை. ஒற்றைக் கண்ணால் அதைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போனார். அது மறைந்து வெகுநேரம் கழித்து, “ஆறு பேரோ ஏழு பேரோ, நல்லாத்தான் போறாக” என்றார். அன்றைக்குக் கண்ணைத் துடைத்தவர்கள் யாருக்கும் மிளகாயைக் காரணம் சொல்ல வழியில்லை.

ஆனி மாதம் எனக்கு மறுபடி கால் அரித்தது. வேறு ஊர், வேறு வேலை. மெயின் ரோட்டுக்கு வழியனுப்ப வந்த டைம்கீப்பர், பேருந்தில் ஏறி என் பெட்டியை அவரே தூக்கி மேலே வைத்தார். இறங்கிப் போய் என் இருக்கைக்கு நேராகக் கீழே நின்றார். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். காற்றில் மணல் அடிக்கிறதே என்று நான் சன்னல் தகட்டை இறக்கப் போனேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“சாத்தாதீக தம்பி. அந்த ரோட்டு வளைவு வரைக்கும் எனக்கு ஒங்க மொகம் தெரியும்.”