தவளையார் சொன்ன புயலும் சொல்லாத புயலும்

ஒரு காட்டில், யாருக்கும் விடுப்பே கொடுக்காத சிங்கராஜா ஒருவர் அரசாண்டுவந்தார். அவருடைய அலுவலகத்தில் கோப்பு சுமந்தவன் மாசிலாமணி என்ற கழுதை. அவன் மனைவி அபரஞ்சி. கல்யாணம் ஆன அன்றே, "உன்னைப் பவழத் தீவுக்குக் கூட்டிட்டுப் போய்க் கடல் காட்டறேன்" என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அதற்குப் பிறகு அபரஞ்சிக்குக் காதோரம் நரைத்துவிட்டது. கடலை அவள் காலண்டரில்தான் பார்த்திருந்தாள். பசித்த ஒரு நாளில் அந்தக் காலண்டரையும் தின்றுவிட்டாள்.

"இந்த வருஷமாவது உண்டா? இல்லை, என் போட்டோவுக்கு மாலை போட்டு அதைக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள்.

மாசிலாமணி காதை நிமிர்த்தினான். "ஐப்பசியிலே போறோம்!"

"புயல் காலத்திலயா?"

"புயல்னாதானே ராஜா லீவு விடுவார்?"

"லீவு விட்டு என்ன பண்ண? புயல்ல யாரு கடலைத் தாண்டுவா?"

"அட, புயல் வரும்னு சொல்லப்போறது யாரு? நம்ம தவளையார்!"

அபரஞ்சி சிரித்து உருண்டாள். தவளையார் அந்தக் காட்டின் வானிலை அதிகாரி. அவர் கனமழை என்றால் வீட்டுக்கு வீடு வற்றல் காயப்போடுவார்கள். அவர் புயல் என்றால் அது ஆந்திரா பக்கம் திரும்பிவிடும். ஆனாலும், பிடரி நனைந்துவிடுமோ என்ற பயத்தில் ராஜா மட்டும் தவறாமல் விடுமுறை விடுவார்.

ஐப்பசி பிறந்தது. தவளையார் பாறைமேல் ஏறித் தொண்டையை உப்பினார். "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்! நாளை கடும் புயல்! யாரும் வெளியே வரவேண்டாம்!"

ராஜா விடுமுறை அறிவித்தார். மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. வழிச் சாப்பாட்டுக்குப் பழைய சினிமா போஸ்டர்களை மடித்து, தொட்டுக்கொள்ளப் பசையைத் தனியாகக் கட்டிக்கொண்டு, படகுக்கார ஆமையின் முதுகில் இருவரும் ஏறினார்கள்.

தீவில் இறங்கினால், அலுவலகமே அங்கே இருந்தது. கணக்கர் கரடி மணலில் புரண்டது. தட்டச்சுக் குரங்கு தென்னையில் ஊஞ்சலாடியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார் ராஜா.

"யோவ் மாசிலாமணி! புயல்ல வெளியே வரக்கூடாதுன்னு சொல்லலையா?"

"சொன்னாங்க ராஜா. நீங்க எப்படி...?"

"நான் புயல் சேதத்தைப் பார்வையிட வந்தேன்."

"சேதம் எங்கே ராஜா?"

"அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

பக்கத்துக் குடைக்கடியிலிருந்து தவளையார் எழுந்தார். வானத்தை ஒருமுறை பார்த்தார். "இன்னும் ஒரு வாரத்துக்கு வானம் தெளிவு. எல்லாரும் நிம்மதியா இருங்க" என்று அறிவித்துவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு ஓடிப்போய் ஆமைமேல் ஏறினார். அந்த ஆமை தன் வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான் வேகமாக நீந்தியது.

"அபரஞ்சி, இன்னொரு ஆமை நிக்குது. நாமளும் போயிடலாமா?" மாசிலாமணி அவள் காதில் கிசுகிசுத்தான்.

"போறதா? எனக்கு இன்னும் கால்கூட நனையலை!"

அந்த ஆமையும் போய்விட்டது.

சாயங்காலம் வானம் கறுத்தது. தென்னைகள் தரையைத் தொட்டுக் கும்பிட்டன. ராஜாவின் கறுப்புக் கண்ணாடி பறந்தது. எல்லாரும் ஒரே குகைக்குள் நெருக்கியடித்தார்கள்.

"ஆந்திராவுக்குப் போகவேண்டியது இங்கே ஏன்யா வந்தது!" என்று ராஜா அழுதார்.

அபரஞ்சி மட்டும் குகை வாசலில் நின்றாள். காதுகள் இரண்டும் கொடிபோலப் பறந்தன. "என்னங்க! காலண்டர்ல கடல் படுத்துக் கிடந்தது. இங்கே பாருங்க, எழுந்து நிக்குது! நாம போய்ப் பார்க்கணும்னு இல்லை, அதுவே நம்மைப் பார்க்க வருது!"

மாசிலாமணி அவள் வாலைப் பல்லால் கவ்விப் பிடித்திருந்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மனைவி பறந்துவிடுவாள். அதனால் அவளுடைய நான்கு கால்களும் நனைவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அலையில் அவன் கண்ணும் நனைந்தது.

பசி தாங்காமல் ராஜா ஒரு போஸ்டரைத் தின்றார். "பசை இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்து, "நாளைக்கும் விடுமுறை" என்றார். குகையே துள்ளிக் குதித்தது.

அக்கரையில், ஆளில்லாத காட்டில், பாறைமேல் நின்று தவளையார் கத்திக்கொண்டிருந்தார்: "புயல் வரும்னு நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

நீதி: வானிலை அதிகாரி சொல்வதைக் கேட்காதே, அவர் எப்போது ஆமை ஏறுகிறார் என்று பார். பார்த்த பிறகும் நீ ஏறிவிடாதே. முதலில் காலை நனைத்துக்கொள்.