தொட்டியில் வளரும் ஆட்டிறைச்சி

நாளைய சோற்றை இன்றைக்கே பரிமாறிவிடும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் அதற்குக் கார்த்திகன் என்று பெயர். உங்கள் வீதியில் வேறு பெயர் இருக்கலாம். போனில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்த நாளிலிருந்து, கல்யாணப் பந்தியிலும், செத்தவீட்டுக் கதிரையிலும், களுபோவில ஆஸ்பத்திரி வாசலிலும், ஆட்டை வெட்டாமல் அதன் தசையிலிருந்து உயிரணுக்கள் கொஞ்சம் எடுத்து இரும்புத் தொட்டியில் இறைச்சி வளர்க்கிற அதிசயத்தை விளக்காமல் அவர் வீடு திரும்பியதில்லை. சாப்பிட்டுப் பார்த்தாரா? அப்படிக் கேட்பது நாகரிகமில்லை.

இறைச்சிக்கடை சப்ரி நானா மட்டும் கத்தியைத் துடைத்தபடி கேட்டார்: "அந்தத் தொட்டியில நல்லி எலும்பும் வளருமா மாத்தயா?"

"அது அடுத்த கட்டம், நானா."

நல்லூர்த் திருவிழா வந்தது. கோயில் யாழ்ப்பாணத்தில்தான், ஆனால் அங்கே கொடியேறினால் வெள்ளவத்தை அடுக்குமாடிச் சட்டிகளும் மரக்கறிக்கு மாறிவிடும். பருப்பும் பூசணியும் மாறிமாறி வந்ததில் கார்த்திகன் இளைத்தார். வாய் இளைக்கவில்லை.

"கொல்லாமல் வாற இறைச்சி மரக்கறிதானே, சுரேகா? விரதத்துக்கும் சாப்பிடலாம். ஆடு வெட்டித் தின்னுறது காட்டுமிராண்டித்தனம்."

மனைவி சுரேகா அவர் தட்டில் இன்னொரு கரண்டி பூசணியைப் போட்டார்.

திருவிழா முடிந்தது. முதல் ஆட்டுக்கறிக்காகக் கார்த்திகன் நேரத்தோடு குளித்து, மேசைக்கு வந்தார். வந்தது சோயா.

"எங்கையப்பா இறைச்சி?"

"வெட்டுறது காட்டுமிராண்டித்தனம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? தொட்டியில வளர்ந்து வரட்டும், வாங்குவம்."

"அது இஞ்ச வர வருசக்கணக்காகுமெல்லோ!"

"ஓம். பொறுத்திருப்பம்."

'பிழையாய்ச் சொல்லிப்போட்டன்' என்றால் போதும்; பின்னேரமே அடுப்பில் ஆடு கொதிக்கும். ஆனால் அந்த வார்த்தை இந்த இனத்தின் தொண்டையில் முளைப்பதேயில்லை. கார்த்திகன் சோயாவைப் பிசைந்தார்.

கதவு தட்டுப்பட்டது. மேல்மாடி பிறிஜெற் அன்ரி, கையில் கிண்ணம்.

"விரதம் முடிஞ்சுதெல்லோ? ஆட்டுக்கறி கொஞ்சம்."

கார்த்திகன் கிண்ணத்தைப் பார்த்தார். சுரேகாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"புதுசு வரேக்க ஒப்பிட்டுப் பாக்க, பழசின்ர ருசி ஞாபகம் இருக்கோணும்."

ஆராய்ச்சி கிண்ணத்தின் அடிவரை நடந்தது. சுரேகாவுக்கு மிஞ்சியது சோயா.

சிரிக்கிறீர்களா? எழுதுகிறவருக்கு இந்த வியாதி எப்போதோ முற்றிவிட்டது. நீங்களும் வாசித்த கையோடு யாரையாவது பிடித்து, "இறைச்சி இப்ப தொட்டியில வளருதாம், தெரியுமோ?" என்று தொடங்கத்தான் போகிறீர்கள். தொடங்குங்கள். உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவரின் காதில் விழாத இடமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.