வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த மான்

தேவமாதா துணை

வேலிக்குக் கிழக்கே இருக்கும் ஒட்டிலியாவுக்கு, மேற்கே இருக்கும் ஹெர்லிண்டா எழுதிக்கொள்வது. இவ்விடம் முழங்கால் நலமில்லை, இடது கண்ணும் நலமில்லை. அவ்விடம் நீ நலம்தான் என்பது காலையில் நீ கோழிகளைத் திட்டுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது, ஆகவே கேட்கவில்லை. 'அன்புள்ள தங்கச்சிக்கு' என்று தொடங்கினால்தான் கடிதமாம், மருமகள் நொயேலியா சொல்கிறாள். அவள் படித்தவள், எழுதுவாள். எனக்கு அந்த வார்த்தைக்குக் கை வரவில்லை. எழுதினாலும் நீ நம்பப் போவதில்லை, காகிதம்தான் வீண்.

விஷயம் ஒரு வரிதான். இன்று காலை என் நிலத்தில், என் வேட்டைப் பரணில் உட்கார்ந்திருந்த மிஸ்டர் வெர்னன், என் சோளத்தைத் தின்றுகொண்டிருந்த கிடா மானைச் சுட்டார். சுட்ட மான் நின்ற இடத்தில் விழ வேண்டியதுதானே? விழவில்லை. ஓடியது. நம் அப்பா போட்ட வேலியை ஒரே தாண்டாகத் தாண்டி, உன் குளத்துக்கு மேலே இருக்கிற சப்பாத்திக்கள்ளிப் புதர் ஓரம் போய் விழுந்து செத்தது. எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. இந்தக் குடும்பத்தில் நல்லது எது விழுந்தாலும் உன் பக்கம்தான் விழும்.

மிஸ்டர் வெர்னனை உனக்குத் தெரியும், தெரியாதது போல நடிக்காதே. பியூமாண்ட் நகரத்திலிருந்து ஒவ்வொரு வேட்டைக் காலத்துக்கும் வருகிறவர். என் நிலத்தில் வேட்டையாட அவர் கொடுக்கிற குத்தகையில்தான் நான் நிலவரி கட்டுகிறேன், அதுவும் உனக்குத் தெரியும். சின்னக் கொம்பு மானைச் சுட மாட்டார், பெண் மானைச் சுட மாட்டார், பாதி வருஷம் ஒன்றையும் சுடாமல் என் காப்பியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போவார். போன கோடையில் நெஞ்சைக் கிழித்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். இனிமேல் பரண் ஏறக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம், இந்த ஒரு தடவை மட்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி வந்திருக்கிறார். வந்த இடத்தில் வாழ்நாளில் பார்க்காத கிடா ஒன்று எதிரே வந்து நின்றிருக்கிறது. அதுவும் இப்படி ஆகிவிட்டது. வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறார். எட்டிக் கை நீட்டினால் கொம்பைத் தொடுகிற தூரமாம். ஆனால் தாண்டவில்லை. அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைத்தால் டெக்சஸில் கைவிலங்குதான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் காவலருக்குப் பயந்து நிற்கிற ஆள் இல்லை அவர். முறை தெரிந்த மனிதர். நம் குடும்பத்தில் அப்படி ஒருவரும் இல்லாததால் அவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கிறது.

ஆகவே வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டைச் சுற்றி உன் வீட்டு வாசலுக்கே வந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நீ என்ன சொன்னாய்? அவர் சொல்லக் கூச்சப்பட்டார், நான்தான் விடாமல் பிடுங்கினேன்.

"சொல்லுங்க மிஸ்டர் வெர்னன், என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லம்மா. எழுதிக் கேக்கணும்னாங்க."

"யாரு எழுதணும்?"

"நீங்கதான். உங்க கையால."

"அப்படியேவா சொன்னா?"

"அப்படியே இல்லம்மா. 'அந்தப் பக்கத்துக் கிழவி வாயால கேட்டா நாளைக்குக் கேக்கவே இல்லம்பா, எழுதிக் குடுக்கச் சொல்லு, அப்பறம் கதவைத் தெறக்கறேன்'னாங்க. பின்னால நின்ன அவங்க மருமகப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா."

கிழவி! என்னைவிட நீ சின்னவள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறது, சந்தோஷம். அது ஞாபகம் இருந்தால், உனக்கு அம்மை போட்டபோது யார் உன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியது என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். மறு வருஷம் நீ பள்ளிக்கூடம் போனாய், என் செருப்பைப் போட்டுக்கொண்டு. அந்தச் செருப்பில் சிவப்பு நூல் தைத்திருக்கும். நீ எழுதக் கற்றுக்கொண்டாய், நான் உன் துணி துவைக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது என்னிடம் 'எழுதிக் கொடு' என்கிறாய். ஒவ்வொரு எழுத்துக்கும் நான் படுகிற பாட்டைப் பார்த்தால் அந்த மானே எழுந்து வந்து எனக்காக எழுதிக் கொடுக்கும்.

நொயேலியா இப்போதுதான் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அத்தை, 'கதவைத் திற'ன்னு ஒரு வரி போதும். வெயில் ஏறுது" என்கிறாள். ஏறட்டும். டிசம்பர் என்று பெயர்தான், நேற்றிலிருந்து சூடான தென்காற்று அடிக்கிறது, ஈ மொய்க்கிறது, வயிறு கீறாத மான் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவோடு கூடப் போய்க் குடலெடுத்தவள் நான். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவள். மிஸ்டர் வெர்னன் நான் கொடுத்த காப்பியைத் தொடவே இல்லை. "கொம்பு போனா போகட்டும்மா. அவங்களே வச்சுக்கட்டும். சுட்டது நான், கறி கெட்டா அது என் பாவம், அதைத்தான் தாங்க முடியல" என்கிறார். ஆகவே எழுதுகிறேன். உனக்காக இல்லை, அவருக்காக. ஆனால் எழுதச் சொன்னவள் நீ, எழுத உட்கார்ந்த பிறகு ஒரு வரியில் நிறுத்து என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு நீயாகக் கையில் பேனாவைக் கொடுத்திருக்கிறாய்.

முதலில் அந்த மான் யாருடையது என்பதைத் தீர்த்துவிடுவோம். காலையில் அது, மானுக்கென்று நான் கட்டி வைத்த பீப்பாயிலிருந்து சிதறுகிற சோளத்தைத் தின்கிறது. மூட்டை மூட்டையாக அந்தச் சோளத்தை ஏற்றி இறக்குகிறவள் நொயேலியா, ஏனென்றால் என் பையன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனால் வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் அது உன் குளத்தில் தண்ணீர் குடிக்கிறது. குளம் உன் பக்கம் வந்தது எப்படி? அப்பா பிரித்துக் கொடுத்தபோது, 'மூத்தவள் பொறுத்துக்கொள்வாள்' என்றார். நான் பொறுத்துக்கொண்டேன். நீ என்ன செய்தாய்? தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை, அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். குளம் உனக்கு, எனக்குக் கருவேலமும் கள்ளியும் ஒரு கிணறும், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குதிரை மோந்து பார்த்துவிட்டுத் தும்மும். ஆக, அந்த மானின் சதை என் சோளம், அதன் மூத்திரம் மட்டும்தான் உன் தண்ணீர். இதை எந்த நீதிபதி முன்னாலும் சொல்வேன்.

அடுத்து கதவு. பிள்ளைகள் போய் வரட்டும் என்று அப்பா வேலியில் ஒரு கதவு வைத்தார். அதில் பூட்டைத் தொங்கவிட்டது உன் வீட்டுக்காரர் ஃபிலமோன். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது, அவர் ஆத்மா சாந்தியடையட்டும், ஆனால் அந்தப் பூட்டை நான் மறக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் அன்செல்மோ சுட்ட மான் இன்று போலவே உன் பக்கம் போய் விழுந்தது. அன்செல்மோ கதவண்டை போய்ப் பார்த்தால் பூட்டு. கூப்பிட்டார், ஒருவரும் வரவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை அந்த மானின் கொம்பு உன் வாசல் முகப்பில் தொங்கியது. பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் ஃபிலமோன், "ஒரே தோட்டா, காதுக்குப் பின்னாடி" என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னாலாம்! அன்செல்மோ எப்போதும் தோளுக்குப் பின்னால்தான் சுடுவார், ஊரே அறியும். நான் உன்னிடம் வந்து கேட்டேன்: "இது எங்க வீட்டு மான்தானேடி?" நீ சொன்னாய்: "மானு மேல பேரா எழுதியிருக்குக்கா?" அதுதான் நீ என்னைக் கடைசியாக அக்கா என்று கூப்பிட்டது. அன்றைக்குப் பேசாமல் போனவள்தான் நான். அதன்பிறகு உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தபோதும் கன்னத்தைக் கொடுத்தேனே தவிர வார்த்தையைக் கொடுக்கவில்லை. அம்மா இறந்து, அடக்கம் முடிந்த கையோடு, மக்காச்சோளம் அரைக்கிற அம்மாவின் அம்மிக்கல்லை நீ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோதும் நான் பேசவில்லை. குழவியை மட்டும் சால்வைக்குள் மறைத்து எடுத்து வந்துவிட்டேன். கல் உன்னிடம், குழவி என்னிடம். நீ எதை வைத்து அரைக்கிறாய் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. எப்படியும் ருசியாக இருக்காது.

சமையலறையில் நொயேலியாவின் சத்தத்தையே காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் போல. மிஸ்டர் வெர்னனும் வாசலில் இல்லை, வேலி ஓரம் போய் நரியை விரட்டிக்கொண்டிருப்பார், பாவம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உன் குளத்துக்கு மேலே கழுகுகள் சுற்றத் தொடங்கியிருக்கின்றன. எனக்கும் கை வலிக்கிறது, கண் பூத்துப்போயிற்று. உண்மையைச் சொன்னால் ஒட்டிலியா, எனக்குச் சலித்துவிட்டது. சண்டை போடுவதற்கு ஆள் எதிரில் இருந்தால் உடம்பில் ஒரு தெம்பு வரும். நம் சண்டை அப்படி இல்லை, சும்மா சுமந்துகொண்டே இருக்கிற சண்டை. காலையில் எழுந்தவுடன் இன்று என்ன கிழமை என்று தெரிவதற்கு முன்னால் உன் மேல் கோபம் என்பது ஞாபகம் வருகிறது. இறக்கி வைக்கலாம் என்றால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, இடையில் வேலி.

சரி. நீ கேட்டதை எழுதுகிறேன், என் கையால், யாரும் சொல்லித் தராமல்: என் விருந்தாளி சுட்ட மான் உன் நிலத்தில் கிடக்கிறது. அவர் எடுத்துப்போகக் கதவைத் திறந்து விடு. தயவுசெய்து. இந்த வார்த்தையை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது உனக்குத் தெரிய வேண்டாம். கறி கெடுவதற்குள் திற. தொடையில் பாதி உனக்குக் கொடுக்கச் சொல்கிறேன், கொம்பு மட்டும் அந்த மனிதருக்குப் போகட்டும். அதை நீ முகப்பில் மாட்டினால் நானே ஏணி வைத்து ஏறிக் கழற்றுவேன், முழங்கால் போனாலும் பரவாயில்லை.

உன் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தலைச்சுற்றலுக்கு நீ மாத்திரை சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன், வெறும் வயிற்றில் சாப்பிடாதே. தேவமாதா உன்னைக் காப்பாற்றட்டும், அவளுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு.

இப்படிக்கு,
நீ கேட்டபடி தன் கையாலேயே எழுதிய
ஹெர்லிண்டா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதற்கும் இனி அவசியமில்லை. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு மிஸ்டர் வெர்னனைத் தேடிப் பின்பக்கம் போனேன். அங்கே என் கருவேல மரத்தில் அந்த மான் தலைகீழாகத் தொங்குகிறது. தோல் உரித்தாயிற்று, குடலெடுத்துக் கழுவியாயிற்று, கறி ஐஸ் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கையில் கத்தியோடு என் மருமகள் நொயேலியா. இன்னொரு கத்தியோடு உன் மருமகள் மாரிசெல். மிஸ்டர் வெர்னன் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கொம்பை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறார். அழுது முடித்துவிட்டு என் காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"என்னடி இது?" என்று கேட்டேன்.

"மானு அத்தை."

"அது தெரியுது. எப்படி வந்துச்சு?"

"கதவு வழியா."

"பூட்டு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் மருமகள்தான் வாயைத் திறந்தாள். "சாவி ஆளுக்கொண்ணு வச்சிருக்கோம் பெரியம்மா. நான் அந்த வீட்டு மனுஷிதானே, எடுத்துட்டுப் போங்கன்னு இவருகிட்ட நானே சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் எழுதி முடிக்கிறதுக்குள்ள கறி கெட்டுப்போயிரும்னு பயந்துட்டோம்."

நான் நேரே கதவண்டை போய்ப் பார்த்தேன். தள்ளினால் ஒரு சத்தம் இல்லை. இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த கதவு பேய் மாதிரி அலற வேண்டாமா? கீலில் விரலை வைத்தேன், புது எண்ணெய். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒற்றையடிப் பாதை, புல்லே முளைக்காமல் தேய்ந்து கிடக்கிறது. விசாரித்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே போக்குவரத்து உண்டாம். பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சர்க்கரை கடன் வாங்கியிருக்கிறார்கள், நம்மைப் பற்றிப் பேசிச் சிரித்திருக்கிறார்கள்.

ஒட்டிலியா, இதை இப்படியே விடக் கூடாது. உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது வேறு விஷயம், அது அப்படியே இருக்கட்டும், நான் ஒன்றையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நாம் இரண்டு பேரும் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசாமல் இருந்திருக்கிறோம், அதற்கு இந்த வீட்டில் ஒரு மரியாதை வேண்டாமா? இவளுகளை என்ன செய்யலாம் என்று நாம் உட்கார்ந்து பேச வேண்டும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கதவண்டை வா. நாற்காலி இரண்டு நான் போட்டு வைக்கிறேன்.