மூன்று வாரம் சிரிக்காதிருந்தவன்

பேத்தி சிரிக்கும்வரை நான் சிரிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். பாசம் இல்லாமலா? பயம்! எங்கள் நவஹோ பழங்குடி வீடுகளில் குழந்தையை முதன்முதலாக வாய்விட்டுச் சிரிக்கவைப்பவர் யாரோ, அவர்தான் சொந்தபந்தம் அத்தனைக்கும் விருந்து வைக்க வேண்டும். சமையலும் அவர் தலையில்தான்.

பாப்பாவுக்கு மூன்று மாதம். இன்றோ நாளையோ சிரித்துவிடும் போலிருந்தது. மூன்று வாரமாக அவளைக் கட்டிவைத்திருக்கும் தொட்டில்பலகைப் பக்கம் போனாலே முகத்தைப் பாறையாக்கிக்கொள்வேன். தும்மல் வந்தால்கூட ஆட்டுப்பட்டிக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவேன்.

"குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சுங்களேன்," என்றாள் மனைவி லெனோரா.

"இடுப்பு வலி."

"கொஞ்சுறதுக்கும் இடுப்புக்கும் என்ன?"

"குனியணுமே!"

"மூத்த பேரப்பிள்ளைங்க மூணு பேரையும் நான்தான் சிரிக்க வச்சேன். மூணு விருந்தும் நான்தான் பொங்கினேன். அப்போ எங்க போச்சு இடுப்பு?"

"அப்போ முழங்கால்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அப்போதே நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. மச்சினன் எல்ராய்க்குக் காது தனியாக ஆடும், மூக்கு தனியாக ஆடும். அவனைப் பாப்பா முன்னால் உட்காரவைத்தால் போதும், விருந்து அவன் தலையில். பொரித்த ரொட்டிமேல் பீன்ஸைக் கொட்டித் தரும் டாகோ என்றால் சின்லே ஊரிலிருந்து பறந்து வருவான். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

"கூப்பிட்டது நீங்க, சமைக்கிறதும் நீங்க," என்றாள் லெனோரா.

"ஒரு ஆளுக்குத்தானே! பீன்ஸ் என்ன, அடுப்புல வச்சா தானா வேகுது."

"தானாவா? சரி, ஊறவாவது நான் போட்டுத் தர்றேன்."

எவ்வளவு நல்ல மனசு என்று நெகிழ்ந்துபோனேன்.

சனிக்கிழமை விடியலில் அவள் கிழக்கு பார்த்து நின்று வேண்டிக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். நான் அடுப்பை மூட்டிவிட்டு, ஊறிய பீன்ஸைப் பார்த்தேன். ஒரு அண்டா!

"ஒருத்தனுக்கு இவ்வளவா?"

"என் தம்பி வயிறு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அண்டாவை அடுப்பில் ஏற்றினேன்.

உப்புப்போட்ட பன்றிக்கறி, வெங்காயம், பூண்டு, சீரகம், சிவப்பு மிளகாய்த் தூள். ஆறு மணி நேரம். தானாக வேகும் என்றேனே, எது தானாக வெந்தது? "தண்ணி சுண்டுது பாருங்க!" "கிளறாதீங்க, மசிஞ்சிடும்!" "கிளறுங்க, அடி பிடிக்குது!" நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் என்னை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது ரொட்டி. மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, இரண்டு கைக்கும் நடுவே தட்டித் தட்டி அகலமாக்கி, கொதிக்கும் கொழுப்பில் போட வேண்டும். அவள் செய்யும்போது சின்ன வேலையாகத்தான் தெரியும். என் முதல் உருண்டை முழங்கைவரை ஒழுகியது. இரண்டாவது சாம்பலில் விழுந்தது. இதற்கு நடுவில் அவள் தொட்டில்பலகையைக் கொண்டுவந்து எனக்கு நேர் எதிரே சாய்த்தாள்.

"இங்க எதுக்கு?"

"வெளிய புழுதிக்காத்து."

முகத்தைப் பாறையாக்கினேன். மூன்றாவது உருண்டையைக் கொஞ்சம் உற்சாகமாகத் தட்டிவிட்டேன் போல. அது மேலே போனது. எங்கே என்று அண்ணாந்து பார்த்தேன். நேராக முகத்தில் இறங்கி, நெற்றியில் ஒட்டி, மூக்கு நுனியில் தொங்கியது. நான் அசையவில்லை. புருவத்தில் மாவு, மூக்கில் மாவு, முகம் மட்டும் பாறை!

பாப்பா என்னை உற்றுப் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு!

பாப்பாவின் அம்மாவான என் மகள் ஷான்டீன் ஓடிவந்தாள். "அப்பாதான்! அப்பாதான் சிரிக்க வச்சாரு!"

"அது ஏப்பம்!" என்று கத்தினேன்.

பாப்பா இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக ஏப்பம் விட்டாள்.

வாசலில் புழுதி எழுந்தது. ஒரு வண்டி இல்லை, ஏழு வண்டி. அத்தைகள், சித்திகள், சித்தப்பாக்கள், தட்டோடு பிள்ளைகள். முன்னால் எல்ராய், காதை ஆட்டிக்கொண்டு.

"அத்தான், விருந்து ரெடியா?"

"எந்த விருந்து?"

"முதல் சிரிப்பு விருந்துதான்! நீங்க வைக்கிறீங்கன்னு அக்கா செவ்வாய்க்கிழமையே எல்லாருக்கும் சொல்லிட்டாளே."

திரும்பினேன். வந்தவர்களுக்குப் பாப்பா கையால் கொடுக்கவேண்டிய கல்லுப்புக் கிண்ணத்தோடு லெனோரா தயாராக நின்றாள்.

"குழந்தை சிரிச்சதே இப்பதான்! என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாள்னு செவ்வாய்க்கிழமையே உனக்கு எப்படித் தெரியும்?"

கிண்ணத்தை என் மாவுக் கையில் வைத்தாள்.

"முப்பத்தொரு வருஷமா நானே சிரிப்பை அடக்க முடியாம இருக்கேன். பாவம், பச்சைக் குழந்தை எத்தனை நாளைக்குங்க தாங்கும்?"