பொன்னுருக்கலுக்குப் பிறகு நாலு நாள்

"வீடியோவிலை பாக்கிறதும் பாக்கிறதுதான்" என்று சொல்லி, நாகபூசணி மகளின் கைபேசியைப் பறித்து அரிசி வாளிக்குள் புதைத்தாள்.

"அம்மா, நான் அவரோடை அவசரமாக் கதைக்கவேணும்."

"ஞாயிற்றுக்கிழமை தாலி ஏறினாப் பிறகு ஆயுள் முழுக்கக் கதை. ஆர் வேண்டாமெண்டது?"

"பாக்கக் கூடாதெண்டுதானே சொல்லுறவை. கதைக்கிறதிலை என்ன?"

"கதைச்சால் பாக்கச் சொல்லும்."

பிரசாந்தினி அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். அலுமாரியின் மேலிருந்த பலகாரத் தகரம் அதிர்ந்தது.

அன்று புதன்கிழமை. காலையில்தான் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல் முடிந்திருந்தது. இத்தாலியின் பலெர்மோவில் தாலிக்குப் பொன்னுருக்கத் தமிழ்ப் பத்தர் எவருமில்லை. குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற விக்னராஜா தன் காஸ் சிலிண்டரோடு வந்து, செப்புக் குழாய் ஒட்டுகிற அதே நெருப்பில் தங்கக் காசை உருக்கிக் கொடுத்தார். "பெட்டி குளிருமோ இல்லையோ, பொன் உருகும்" என்று அவர் சொன்னதற்கு ஐயர் மட்டும் சிரிக்கவில்லை.

பொன் உருகினதிலிருந்து தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. நாகபூசணி இந்த ஒன்றைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் விட்டுக்கொடுத்தாயிற்று. கன்னிக்காலுக்கு முள்முருக்கு கிடைக்கவில்லை. எலுமிச்சைக் கொப்பு ஊன்றினார்கள். மண்டபமோ ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் மேல்மாடி. இந்தப் பார்க்காமல் இருப்பதற்கு மட்டும் கடையில் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. நாலு நாள் கவனமாக இருந்தால் போதும்.

அவளுக்கு அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன், தன் கலியாணத்துக்கு முதல்நாள், அவள் ஆனந்தராசாவைப் பார்த்துவிட்டாள். விசாப் பதிகிற குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வரிசையில், சவரம் செய்யாத முகத்தோடு, கக்கத்தில் கோப்போடு அவர் நின்றார். இருவரும் அன்றைக்கே கைரேகை வைக்க வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. சின்னச் சண்டை இல்லாத நாளும் இருந்ததில்லை. அந்த ஒரு பார்வைதான் காரணம் என்று அவள் ஒருவருக்கும் சொன்னது கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள். தனியாக இருக்கும்போது அவளே சிரித்திருக்கிறாள். ஆனாலும், நம்பாத ஒன்றைக்கூட மகளுக்காக நம்பிப் பார்ப்பதில் என்ன நட்டம் என்று தோன்றியது.

வியாழன் காலை கீழ்வாசல் மணி அடித்தது. நாலாம் மாடிப் பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் மாப்பிள்ளை விதுரன் நிற்கிறான். அடுத்த தெருப் பெடியன். மண்டபத்துக்குக் கீழே இருக்கிற அதே மீன் உணவகத்தில்தான் வேலை.

"மாமி, பிரசாவோடை அஞ்சு நிமிசம். நேரிலை சொல்லவேணும்."

"ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கோ தம்பி."

அவன் போகவில்லை. நாகபூசணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கதிரையைக் கொண்டுபோய்ப் படியிலை இருங்கோ. ஆரையும் மேலை விடாதேங்கோ."

ஆனந்தராசா பத்திரிகையோடு இறங்கிப் போனார். இருபது நிமிடத்தில் ஏறி வந்தார். பின்னால் விதுரன்.

"மருமோனை வாசலோடை அனுப்பிறதே? ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். அதுவும் முறைதானே."

அதற்குள் நாகபூசணி மகளைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள்.

விதுரன் தேநீரை இரண்டு வாயில் குடித்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பிறகு சங்கடத்தோடு எழுந்தான்.

"மாமி, குளியலறை எந்தப் பக்கம்?"

தாழ்ப்பாளுக்கு உள்ளேயிருந்து பிரசாந்தினியின் குரல் வந்தது. "விதுரன், நில்லு. உன்னோடை ஒரு கதை இருக்கு."

நாகபூசணி வெறும் மிக்சியைப் போட்டுவிட்டாள். உள்ளே ஒரு தேங்காய்ச் சொட்டுக்கூட இல்லை. அது லொறிபோல இரைந்தது.

"இஞ்சை பழுது தம்பி" என்று அவள் கத்தினாள். "ரெண்டாம் மாடி சிஞ்ஞோரா வீட்டை போங்கோ. நல்ல மனுசி."

"என்ன பழுது?" என்றார் ஆனந்தராசா. "காலமை நான் குளிச்சனானே."

அவள் பார்த்த பார்வையில் அவர் மறுபடி பத்திரிகையைத் தூக்கினார்.

மத்தியானம் அந்த இரண்டாம் மாடி இத்தாலியக்காரி, சிஞ்ஞோரா நுன்சியா, மூச்சு வாங்க மேலே வந்தாள். கணவன் இறந்த பிறகு மற்றவர்கள் வீட்டு விசயங்களே அவளுக்குப் பொழுதுபோக்கு. இத்தாலியனில் கேட்டாள்:

"நாகா, அந்தப் பையனை என்ன செய்கிறாய்? என் சமையலறையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போகிறான்."

"காதல், சிஞ்ஞோரா" என்றாள் நாகபூசணி. சொல்லும்போது மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனந்தராசா அவளுக்காக எந்தச் சமையலறையிலும் அழுததாகத் தகவல் இல்லை.

வெள்ளி காலை பிரசாந்தினி வேலைக்குப் போயே தீருவேன் என்று நின்றாள். பொலிதேயாமா சதுக்கத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசை வேலை. சரி, நானும் வாறன் என்று நாகபூசணி செருப்பைப் போட்டாள். பேருந்துத் தரிப்பில், எதிர்பார்த்தபடி, விதுரன். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. நாகபூசணி கைப்பையிலிருந்து குடையை எடுத்து மகளின் முகத்துக்கு நேரே விரித்தாள். பேருந்துக்குள் ஏறியும் மடக்கவில்லை.

சாரதி கண்ணாடியில் பார்த்தார். "சிஞ்ஞோரா, உள்ளே மழையா?"

விதுரன் பின் கதவால் ஏறினான். குடை பின்பக்கம் திரும்பியது. அவன் நடுவுக்கு வந்தான். குடையும் சுழன்றது. ஒரு வயோதிபரின் தொப்பி பறந்தது, ஒரு மாணவியின் தலைமயிர் கம்பியில் சிக்கியது, பேருந்து முழுக்கச் சேர்ந்து ஆலோசனை சொல்லத் தொடங்கியது. இரண்டு தரிப்புக்கு முன்பே தாயும் மகளும் இறங்கி நடந்தார்கள்.

"அம்மா, நான் சிரிக்கிற நிலையிலை இல்லை" என்றாள் பிரசாந்தினி. கண் வீங்கியிருந்தது. புதன் இரவிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"எனக்கும் கலியாணத்துக்கு முதல் சோறு இறங்கேல்லை" என்று நாகபூசணி அவள் தோளைத் தடவினாள். மகள் தோளை விலக்கிக்கொண்டாள். பாவம், தாங்க முடியாத ஆசை என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

பகல் முழுக்க வரவேற்பு மேசைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் காவல் இருந்து, பின்னேரம் மகளோடு வீடு வந்து அவள் அறைக்குள் போனதும், நாகபூசணி ஒரு பையில் பயத்தம் பணியாரம் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். சிஞ்ஞோராவின் பல்கனியிலிருந்து தெரு நன்றாகத் தெரியும். இன்னும் ஒன்றரை நாள் அவள் காவல் இருந்தால் போதும்.

பல்கனியில் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. இருவரும் அவற்றுக்குப் பின்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து கயிறு ஒன்று கிறீச்சிட்டது. கூடை இறங்கி வந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒன்று உண்டு. பாணும் மரக்கறியும் வாங்க மாடியிலிருந்து இறக்குகிற கூடை. இது நீலக் கைபிடிக் கூடை. நாகபூசணியுடையது.

அதற்குள் உடுப்புக் கிளிப்பு குத்திய, மடித்த கடதாசி.

விரிப்பின் இடுக்கால் கீழே பார்த்தாள். விதுரன், குனிந்த தலையோடு. மேலே பார்த்தாள். மகளைக் காணவில்லை, பல்கனிச் சுவருக்குப் பின்னால் குந்தியிருக்கிறாள் போல, கயிறு மட்டும் அசைந்தது. பிள்ளை முகத்தைக் காட்டாமல் இருக்கிறாளே, முறையை மதிக்கிறாளே என்று நாகபூசணியின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. ஆனால் காதல் கடிதமும் ஒருவகையில் பார்ப்பதுதான்.

கூடை முன்னால் வந்ததும் கையை நீட்டிப் பிடித்தாள். கடிதத்தை எடுத்தாள். வெறுங்கூடை போனால் அவன் மேலே ஏறி வந்துவிடுவான். கையிலிருந்த பணியாரப் பையை அப்படியே உள்ளே வைத்து, கயிற்றை இலேசாகத் தட்டிவிட்டாள். கூடை இறங்கிப் போனது.

"வாசி" என்றாள் சிஞ்ஞோரா, கண்கள் பளபளக்க.

நாகபூசணி கடிதத்தைச் சட்டைக்குள் செருகினாள். இருபத்தெட்டு வருடமாக மற்றவர்கள் வீட்டைத் துடைக்கிறாள். மேசைகளில், மெத்தைக்கு அடியில், எத்தனையோ கடிதங்கள். ஒன்றைக்கூட விரித்ததில்லை. இந்த நகரத்தில் ஐந்து வீட்டுத் திறப்புக்கொத்து அவளிடம் இருப்பது அதனால்தான்.

"மற்றவையின்ரை கடிதம் வாசிக்கிற பழக்கம் எனக்கில்லை."

"களவெடுக்கிற பழக்கம்?"

"இண்டைக்குத்தான் துவங்கினது."

கீழே கயிறு நெடுநேரம் அசையாமல் நின்றது. பிறகு கூடை மேலே ஏறியது. உள்ளே கடதாசித் துவாயில் சுற்றிய சின்னப் பொருள் ஒன்று. நாகபூசணி மறுபடி கை நீட்டினாள். சிஞ்ஞோரா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கூடைக்கு ஒரு களவு போதும்."

அன்று மாலை அறைக் கதவு திறந்தது. "அம்மா, சோறு இருக்கோ?"

பிரசாந்தினி இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு கேட்டு வாங்கினாள். சனிக்கிழமை மருதாணி போடும்போது பாடினாள். கைபேசி அரிசிக்குள்ளேயே கிடந்தது. அதைத் தேடக்கூட இல்லை. ஞாயிறுவரை கீழ்வாசல் மணியும் அடிக்கவில்லை. நாகபூசணி வீடு முழுவதும் ஒரு சேனாதிபதிபோல நடந்து திரிந்தாள்.

ஞாயிறு. கீழே உணவகத்தைப் பூட்டியும் கணவாய் மணம் படியேறி வந்தது. சாம்பிராணி அதை எதிர்த்து நின்றது. கூறைச் சேலையோடு பிரசாந்தினி மணவறைக்கு வந்தாள். நாலு நாளுக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையைக் கண்ட நாகபூசணிக்கு, ஒருவரும் இவ்வளவு புதிதாகத் தன்னைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. பொறாமையில்லை, அதைத் தன் கையால் செய்து கொடுத்தோம் என்ற நிறைவு.

விதுரன் பிரசாந்தினியின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னான். "பணியாரம் நல்லாயிருந்தது."

"என்ன பணியாரம்?"

நாகபூசணி ஒலிபெருக்கியில் மேளம் போட நின்ற பெடியன் சிந்துஜனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அவன் பயந்துபோய்க் கெட்டிமேளப் பொத்தானை அழுத்திவிட்டான். மண்டபம் அதிர்ந்தது. சனம் அறுகரிசியை வீசியது. ஐயர் திடுக்கிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். முகூர்த்தம் தொடங்கி ஒரு நிமிடம்.

"சரி, கட்டுங்கோ" என்றார்.

தாலி ஏறியது. நாகபூசணி அழுதாள், சிரித்தாள், ஆனந்தராசாவின் கையைப் பிடித்து நசுக்கினாள். அவர் "நோகுது" என்றார். அன்றைக்கு அதுகூடச் சண்டையாகவில்லை.

சாப்பாட்டு நேரம் விதுரன் வந்து காலில் விழுந்தான்.

"மாமி, ஒண்டு சொல்லவேணும். சீசாப் பகுதியிலையே தனிவீடு எடுத்திட்டம். திறப்பு புதன்கிழமையிலையிருந்து என்ரை பொக்கற்றுக்கைதான். எங்கடை அம்மா தன்னோடை இருக்கச் சொல்லி ஒரே அழுகை. பிரசாவுக்கு அது துண்டாய்ப் பிடிக்கேல்லை. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டனான். பிரசா இறக்கின பணியாரத்தைக் கண்டாப் பிறகுதான் திறப்பைக் கூடையிலை போட மனம் வந்தது."

"என்ரை கைப் பணியாரம்" என்றாள் நாகபூசணி. இனி உலகத்தில் தனக்குக் கிடைக்க வேண்டிய பரிசு எதுவும் மிச்சமில்லை.

அவன் போனதும் சிஞ்ஞோரா நுன்சியா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். அடம்பிடித்துக் கட்டிக்கொண்ட பச்சைச் சேலை இடுப்பில் மூட்டையாக இருந்தது.

"அந்தக் கடிதம் எங்கே?"

"மகளிட்டைத்தான் திருப்பிக் குடுக்கவேணும்" என்று நாகபூசணி கைப்பையைத் திறந்தாள். "நான் வாசிக்கமாட்டன்."

"வாசிக்காதே. நான் வீடு துடைக்கப் போகிறவள் இல்லை, எனக்கு அந்த விரதம் கிடையாது. இனி என்ன ரகசியம், கலியாணம்தான் முடிந்ததே."

அவள் கடிதத்தை வாங்கி விரித்தாள். பிரசாந்தினியின் அவசர இத்தாலியன் எழுத்து. மூக்குக் கண்ணாடியை ஏற்றினாள். மேடையில் படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்ற இருவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நாகபூசணிக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தாள்:

"விதுரன், எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம், நீ உன் அம்மாவோடேயே இரு, ஐயருக்கு நானே சொல்லிவிடுகிறேன்."